பிள்ளை நூல்களில் ஊர்: ஈழமும் பாலத்தீனமும்

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலில் முதற்பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியனும் ஈழத்தரசனும் கூடிச் சோழரை வெள்ளூரில் எதிர்த்த போரையும், அப்போரில் சோழர் பக்கம் நின்று பொருத பழுவேட்டரையர் கண்டன் அமுதனாரையும் அது கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுடைய இக்கல்லெழுத்தைப் பயின்ற ஊர்ப்பிள்ளைகள் மிகச் சிலராகவே இருப்பர். பழுவேட்டரையர் என்னும் பெயரை அவர்கள் அறிந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாகத்தான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, நூலாகவும் சுருக்கப் பதிப்பாகவும் படக்கதையாகவும், 2022, 2023-ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் பரவிய அக்கதையில், பழுவூர்ச் சிற்றரசர் இருவரும் அரியணை உரிமைக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வோராக வருகின்றனர். அன்பில் செப்பேடோ பராந்தகன் மணந்த அரசியருள் ஒருவர் பழுவேட்டரையர் மகளார் என்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டில் பழுவூரார் எவர் பெயரும் இல்லை. புனைகதை ஆசிரியர்க்குரிய உரிமையைக் கல்கி எடுத்துக்கொண்டார். அதைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் பழுவூரில் பிறந்த பிள்ளை தன் ஊரைப் பிறர் சொன்ன கதையின் வழியே முதலில் அறிகிறது என்பது சிந்தனைக்குரியது.

பழுவூர்க்கு இதனால் நேர்ந்த இழப்புப் பெரிதன்று. ஊர் இருந்த இடத்தில் இருக்கிறது; கோயிலும் கல்லும் இருக்கின்றன; விரும்பிய பிள்ளை நடந்து போய்ப் பார்க்கலாம். ஊரே கைவிட்டுப் போன மக்களுக்கு இவ்வசதி இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெரும்பாலும் ஏட்டில் உள்ளது; அல்லது பாட்டியின் வாயில் உள்ளது. அந்த ஏட்டை எழுதுவோர் யார், அச்சிடுவோர் யார், பள்ளியில் அதை நுழைய விடுவோர் யார் என்னும் வினாக்கள் அங்கே உயிர்நிலை வினாக்கள் ஆகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாக்களைச் சந்தித்த மக்களுள் பாலத்தீனரும் ஈழத்தமிழரும் குறிப்பிடத்தக்கவர்கள். இரு வரலாறுகளும் ஒன்றல்ல. ஆயினும் பிள்ளைகளுக்கான நூல்வெளியீடு என்னும் சிறு சாளரத்தின் வழியே நோக்கினால் இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன.

ஈழத்தில் இவ்வரலாறு சமயப் பூசலில் தொடங்கியது. 1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் பள்ளிகளை நிறுவி, அச்சியந்திரத்தைக் கொண்டு சிறு நூல்களைப் பெருக்கினர். தமிழ்ப்பிள்ளை கற்ற எழுத்தோடு கிறித்தவமும் சேர்ந்து வந்தது. இதற்கு மறுமொழியாகவே ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டே தமிழகம் வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்றார். அவருடைய பாலபாடங்கள் அந்த அச்சகத்தில் பிறந்தவை. பகைவரின் கருவியைக் கைக்கொண்டே பகைவரை எதிர்கொள்ளும் மதிநுட்பம் அதில் இருந்தது. 1864-இல் சிதம்பரத்தில் அவர் பள்ளி நிறுவிய பின்னர் அப்பாடநூல்கள் கொள்ளிடத்தின் இக்கரையிலும் பயிலப்பட்டன. ஆனால் நாவலரின் பாலபாடம் காட்டிய பிள்ளை சைவப்பிள்ளை, ஒழுக்கமுடைய பிள்ளை. அவன் எந்த ஊரில் வாழ்கிறான், என்ன உண்கிறான், எம்மரத்தில் ஏறுகிறான் என்பவற்றை அந்நூல்களில் காண்பது அரிது. வீடு எரியாத காலத்தில் வீட்டைப் பற்றி எழுதவேண்டும் என்று எவர்க்குத் தோன்றும்?

ஊர் பிள்ளை நூலுக்குள் வந்தது 1930-களில். வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம், கல்வி அலுவலராயிருந்த க. ச. அருள்நந்தியின் முயற்சியால், 1935-இல் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுதியை வெளியிட்டது. ஆங்கிலேயர் நாட்டுப் பருவங்களையும் பூக்களையும் பாடும் பாடல்களை மொழிபெயர்த்து ஒப்பிக்கும் வழக்கம் அக்காலப் பள்ளிகளில் ஊறியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் கண்ணெதிரே காண்பதைப் பாடவேண்டும் என்னும் எளிய நோக்கமே இத்தொகுதிக்கு அடிப்படை. அத்தொகுதி சார்ந்த மரபின் முதன்மைப் புலவர் நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953). வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர்; 'தங்கத் தாத்தா' என்று பிள்ளைகளால் அழைக்கப்பெற்றவர். அவர் பாடல்கள் 'சிறுவர் செந்தமிழ்' என்னும் பெயரில் அவர் மறைந்த பின்னர், 1955-இல் நூலாயின.

புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலைத் தமிழகத்து அன்பர் பலர் அறியார். சோழநாட்டுப் பிள்ளைக்கு ஆடி என்றால் பதினெட்டாம் பெருக்கு; காவிரியும் கொள்ளிடமும்; சித்திரான்னக் கட்டு. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. அங்கே ஆடி முதல் நாளே திருநாள், பள்ளிக்கு விடுமுறை, வீடுதோறும் கூழும் கொழுக்கட்டையும். புலவரின் பாடல் விடுமுறை மகிழ்ச்சியில் தொடங்கி, கூழ் காய்ச்சும் செய்முறையாகவே வளர்ந்து செல்கிறது. மாவும் பயறும் தேங்காயும் பனங்கட்டியும் வரிசையாக வந்து பானையில் விழுகின்றன. அதில் நாடு என்ற சொல் இல்லை; இனம் என்ற சொல் இல்லை; வீர முழக்கம் அறவே இல்லை. இன்னொரு பாடலில் கத்தரித் தோட்டத்து வெருளி நிற்கிறது. இப்பக்கத்தில் சோளக்கொல்லைப் பொம்மை என்பதை அங்கே வெருளி என்பர். ஊருக்கு உரிய சொல்லை ஊருக்கு உரியவாறே வைத்தார் புலவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. எழுதிய நாளில் இவை கூழைப் பற்றியும் பொம்மையைப் பற்றியும் எழுந்த பாடல்கள். அவற்றை இனத்தின் அடையாளமாக்கியது பின்வந்த காலம்.

அதே 1878-இல் பிறந்து அதே 1953-இல் மறைந்த இன்னோர் ஆசிரியர் எருசலேமில் இருந்தார். கலீல் சக்காக்கினி என்பது அவர் பெயர். 1909-இல் அந்நகரில் புதுமுறைப் பள்ளியொன்றை நிறுவியவர். பிள்ளைகளை அடிக்கலாகாது என்பதைக் கொள்கையாகக் கொண்டவர். அவர் இயற்றிய அரபுமொழி அரிச்சுவடி பல தலைமுறைக்குப் பயன்பட்டது. தனி எழுத்துகளை ஓதவைக்கும் பழைய முறையை விடுத்து, பிள்ளை அறிந்த சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டும் முறை அவருடையது. தலை, தலைகள், வீடு, வீடுகள் என்று அது தொடங்குகிறது. வீடு என்ற சொல்லைப் பாலத்தீனப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்த அம்மனிதர் 1948 ஏப்பிரல் இறுதியில் கத்தமோன் பகுதியிலிருந்த தம் வீட்டையும் நூலகத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. கெய்ரோவில் இருந்தபடி, விட்டுவந்த நூல்களிடம் விடைபெறும் உருக்கமான குறிப்பொன்றைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். வெறிச்சோடிய பாலத்தீனர் வீடுகளிலிருந்து அவ்வாண்டில் ஏறத்தாழ 30,000 நூல்கள் திரட்டப்பட்டு எருசலேமிலுள்ள தேசிய நூலகத்திற் சேர்க்கப்பட்டன. சக்காக்கினியின் நூல்களும் அவற்றுள் அடங்கும்.

நூலகத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் யாழ்ப்பாணத்தைக் குறியாமல் அப்பால் செல்ல இயலாது. க. மு. செல்லப்பா 1933-இல் தம் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி, எஸ். ஆர். அரங்கநாதனின் ஆலோசனையும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெற்று, 1959-இல் பெரும் பொதுநூலகமாகத் திறக்கப்பட்டது. சிறுவர்க்கெனத் தனிப்பகுதியும் அங்கே அமைந்தது. 1981 மே 31 இரவும் சூன் 1-உம் அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அரிய ஏட்டுச்சுவடிகளின் அழிவைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சிறுவர் பகுதியைப் பற்றி எழுதியோர் குறைவு. அதே நாள்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையாயின என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிள்ளை நூல் படிக்கும் இடம், வாங்கும் இடம், அச்சாகும் இடம் ஆகிய மூன்றும் சில நாள்களில் ஒருசேர வீழ்ந்தன.

அதற்கு முன்னரே பள்ளியின் சாவி கைமாறியிருந்தது. 1960, 1961-ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. பாடநூல் எழுதுவதும் அச்சிடுவதும் படிப்படியாக அரசுத் திணைக்களத்தின் பணியாகி, 1980 முதல் இலவசமாகவே வழங்கப்பட்டன. ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ்ப் பாடநூல்களிற் பல சிங்கள மூலத்தின் மொழிபெயர்ப்பாகவே அமைந்தன. வரலாற்று நூலில் தமிழர் படையெடுத்து வந்தவராகவே பெரிதும் தோன்றினர். கீழப்பழுவூர்க் கல்வெட்டில் ஈழத்தவர் எதிரிகள். கொழும்பில் அச்சான பாடநூலில் சோழர் எதிரிகள். எவருடைய கல், எவருடைய ஏடு என்பதைப் பொறுத்தே எதிரியின் பெயர் மாறுகிறது. இரண்டிற்கும் இடையே நவாலிப் பிள்ளை தன்னை எங்கே வைத்துக் காண்பது?

பாடநூலுக்கு வெளியே யாழ்ப்பாணப் பிள்ளைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலேறியவை. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா', 1950-இல் தொடங்கிய 'கண்ணன்' முதலிய இதழ்கள் அங்கும் பெருவழக்காயின. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட தமிழகம் அன்று சிறுவர் இலக்கியத்தில் செழித்திருந்தது. அச்செழிப்பின் நிழலில் ஈழத்துச் செடி வளர்வது எளிதாயில்லை. 1970-களின் தொடக்கத்தில் இந்திய இதழ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் வெளியீடுகள் தலையெடுத்தன. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் 'மில்க்வைற் செய்தி' என்று இதழ் நடத்தியதும், அதன் உரிமையாளர் கனகராசா பனம் விதை நடுவதை ஓர் இயக்கமாக்கியதும் அக்காலச் செய்திகளே. சவர்க்காரம் விற்றவர் கல்விக்கும் பனைக்கும் செய்த தொண்டைப் பெரிய பதிப்பகங்கள் செய்யவில்லை.

பாலத்தீனத்தில் பிள்ளை நூலுக்குத் தேவை அகதி முகாமில் எழுந்தது. 1936-இல் அக்காவில் பிறந்து பன்னிரண்டு வயதில் அகதியான கசான் கனபானி, 1950-களில் தமாசுகசில் ஐக்கிய நாடுகள் நிவாரண முகமை நடத்திய பள்ளியில் ஓவிய ஆசிரியராயிருந்தார். பாடத்திட்டப்படி ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் பலகையில் வரையத் தொடங்கியவர், அவற்றைக் காணாத பிள்ளைகளின் முகத்தைக் கண்டு, வரைந்ததை அழித்துவிட்டு, முகாமை வரையச் சொன்னார் என்பது அவர் வாழ்வில் நன்கறியப்பட்ட நிகழ்ச்சி. 1935-இல் யாழ்ப்பாண ஆசிரியர் சங்கம் உணர்ந்ததைத்தான் அவரும் உணர்ந்தார். ஆனால் யாழ்ப்பாணப் பிள்ளையிடம் வரைவதற்குத் தோட்டமும் வெருளியும் இருந்தன. தமாசுகசுப் பிள்ளையிடம் கூடாரம் இருந்தது.

கனபானி 1963-இல் தம் அக்காள் மகள் இலமீசின் பிறந்தநாள் பரிசாகத் தாமே எழுதிப் படமும் வரைந்த 'சிறுவிளக்கு' என்னும் கதை அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. அரண்மனைக்குள் சூரியனைக் கொண்டுவந்தாலன்றி அரசியாக இயலாது என்னும் நிபந்தனைக்கு உள்ளான இளவரசியின் கதை அது. ஊரார் ஏந்திவந்த விளக்குகள் உள்ளே வர இடமின்றி மதில்கள் இடிக்கப்படுகின்றன. பாலத்தீனம் என்னும் பெயர் கதையில் வருவதில்லை. 1972 சூலை 8 அன்று பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துக் கனபானி இறந்தபோது, பதினேழு வயது இலமீசும் உடன் இறந்தாள்.

அடுத்த ஈராண்டில், 1974-இல், அதே பெய்ரூத்தில் 'தார் அல்-பத்தா அல்-அரபி' என்னும் பதிப்பகம் பாலத்தீன விடுதலை இயக்கத்தின் ஆதரவுடன் தோன்றியது. சிறுவர்க்கெனவே அரபுலகில் எழுந்த முன்னோடிப் பதிப்பகம் அது. சிரியாவின் சக்கரியா தாமிர் எழுத, எகிப்தின் முகியத்தீன் இலப்பாத் படம் வரைந்த 'வீடு' என்னும் சிறுநூல் அதன் புகழ்பெற்ற வெளியீடு. கோழிக்கு வீடுண்டு, முயலுக்கு வீடுண்டு என்று எண்ணிச்சென்று, பாலத்தீனன் மட்டும் வீடற்றவன் என்னும் இடத்தில் அது வந்து நிற்கிறது. சக்காக்கினியின் அரிச்சுவடியில் எழுத்துப் பயில வந்த சொல், அரை நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்தது. அப்பதிப்பகமும் 1982-இல் இசுரேலியப் படை இலெபனானுள் புகுந்த பின்னர் பெய்ரூத்தில் நிலைக்க முடியவில்லை. ஊரிழந்தோர்க்கு எழுதிய பதிப்பகமும் ஊரிழந்தது.

அகதிப் பிள்ளைகள் தங்கிய நாட்டின் பாடநூலையே படித்தனர். யோர்தானில் யோர்தானின் வரலாறு, இலெபனானில் இலெபனானின் வரலாறு. பாலத்தீனர் தமக்கென எழுதிய பாடநூல் முதன்முதலாக வகுப்புக்கு வந்தது 2000-ஆம் ஆண்டிலேதான். அதுவரை இடைவெளியை நிரப்பியவை பாட்டிமார் கதைகள். இப்ராகிம் முகாவி, சரீப் கனானா இருவரும் தொகுத்து 1989-இல் வெளியிட்ட 45 நாட்டுப்புறக் கதைகள் அறிஞர் உலகில் பெருமதிப்புப் பெற்றன. மாரிக்கால இரவில் பெண்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் இக்கதைமரபை 2005-இல் யுனெசுகோவும் போற்றியது. 2007-இல் அந்நூலைப் பள்ளிகளிலிருந்து அகற்ற ஆணையிட்டதோ அயலாட்சியன்று. அமாசு பொறுப்பிலிருந்த பாலத்தீனக் கல்வி அமைச்சு. கதைகளிலுள்ள கொச்சையைக் காரணம் காட்டினர். எதிர்ப்பெழவே ஆணை கைவிடப்பட்டது. அடையாளத்தைக் காப்போம் என்பவரே அடையாளத்தைக் கத்தரிக்கவும் முற்படுவர் என்பதற்கு இது சான்று.

இவ்வுண்மை ஈழத்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பாட்டு காட்டிய ஊர், வேலியும் கிணறும் உடைய வேளாண் குடியின் ஊர். மலையகத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முசுலிம் பிள்ளைகளுக்கும் ஊர் நினைவு உண்டு. அந்நினைவு தமிழ்ப் பிள்ளை நூல்களில் நெடுநாள் ஏறவில்லை. போர் முற்றிய காலத்தில் சிறுவர் பாடல்களிலும் போர்முரசு புகுந்தது; சிறுவர்களையே படையில் சேர்த்த கொடுமையும் நடந்தது. அம்முழக்கப் பாடல்கள் முழங்கிய வேகத்திலேயே மங்கின. கூழும் வெருளியும் எஞ்சின.

போர்க்காலத்தில் அச்சு பட்ட பாடு தனியே எழுதத்தக்கது. 1990-க்குப் பின் யாழ்ப்பாணத்தின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் தாள் அரிதாகி, நாளிதழ்களே பள்ளிக் கொப்பித் தாளில் அச்சான நாள்கள் உண்டு. அந்நிலையில் வண்ணப்படம் தாங்கிய பிள்ளை நூலை யார் எண்ணிப்பார்க்க முடியும்? 1995 சூலை 9 அன்று நவாலிப் புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. பிள்ளைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆடிப்பிறப்பைப் பாடிய புலவரின் ஊர் அது. ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் பெயர்ந்தது.

பெயர்ந்தோரில் ஒருசாரார் கடல் கடந்தனர். வேற்றுமொழிச் சூழலில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் தேவை புதுவகை நூல்களைத் தோற்றுவித்தது. 1969-இலேயே 'அம்பி பாடல்' தந்த கவிஞர் அம்பி, பாப்புவா நியூகினியிலும் பின்னர் ஆசுத்திரேலியாவிலும் வாழ்ந்து, 1992-இல் 'கொஞ்சும் தமிழ்' வெளியிட்டார். மெல்பர்னில் மாவை நித்தியானந்தன் 'பாப்பா பாரதி' என்னும் ஒளிநாடாக்களைத் தயாரித்தார். இவற்றை எழுதியோர் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். பனிபொழியும் நாட்டில் வளரும் பிள்ளைக்குப் பனைமரம் அயல்மரம். 1930-களில் யாழ்ப்பாண ஆசிரியர்கள் அயல்நாட்டுக் காட்சியைப் பாடநூலிலிருந்து விலக்கினர். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கோ சொந்த நாட்டுக் காட்சியே அயற்காட்சி ஆயிற்று.

இன்னொருசாரார் தமிழகம் வந்தனர். 1983 முதல் வந்தவர்களுக்கு அமைந்த முகாம்களுள் ஒன்று பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் உள்ளது. பழுவூரிலிருந்து சில மணி நேரப் பயணம்கூட இல்லை. 2021-இல் இம்முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. 1984-இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் கல்விக்கு ஆற்றிய பணி பெரிது. பெய்ரூத்து முகாம் பிள்ளை இலெபனான் நூலைப் படித்ததைப் போலத் துறைமங்கலத்துப் பிள்ளை தமிழ்நாட்டுப் பாடநூலைப் படிக்கிறது. மொழி ஒன்றே என்பதால் இழப்பு வெளியே தெரிவதில்லை. துலா ஏற்றம் ஆகிறது. கொப்பி நோட்டு ஆகிறது. வெருளி பொம்மை ஆகிறது. கதியால், ஒடியல் போன்ற சொற்களுக்கு ஈடாக எதுவும் வருவதில்லை. அவை வீட்டுக்குள் முதியோரோடு தங்கிவிடுகின்றன. தமிழகப் பதிப்பகங்கள் ஈழத்துப் போர்க்கவிதையையும் நாவலையும் விரும்பி வெளியிட்டன. ஈழத்துப் பிள்ளைப்பாட்டுக்கு அந்த ஆர்வத்தில் பத்திலொரு பங்கும் காட்டவில்லை.

2005-இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைப் படியெடுத்துக் காத்துவருகிறது. பழைய சிறுவர் நூல்களும் இதழ்களும் அதில் உள்ளன. 1981-இல் எரிந்ததற்கு அதனினும் பொருத்தமான மறுமொழி காண்பதரிது. பாலத்தீனத்தில் 1989-இல் ரமல்லாவில் தோன்றிய தாமிர் நிறுவனம் பிள்ளை நூல்களை வெளியிட்டு, நூலகங்களை இணைத்து வருகிறது. பன்னாட்டு இளைஞர் நூல் மன்றத்தின் துணையுடன் காசாவின் பெய்த் அனூனிலும் இரபாவிலும் அமைந்த சிறுவர் நூலகங்கள் 2014-ஆம் ஆண்டுப் போரில் அழிவுக்குள்ளாயின. 2023 அக்டோபருக்குப் பின் மூண்ட போரின் பேரழிவில் காசாவின் பள்ளிகளும் நூலகங்களும் பெரும்பாலும் இடிந்தன. 2025 பிப்பிரவரியில் கிழக்கு எருசலேமின் பழைய புத்தகக் கடையொன்றில் இசுரேலியக் காவலர் புகுந்து உரிமையாளர்களைக் கைது செய்தபோது, குற்றச்சான்றாகக் காட்டிய நூல்களுள் ஒன்று சிறுவர் வண்ணந்தீட்டும் புத்தகம்.

நவாலியில் சோமசுந்தரப் புலவருக்குச் சிலை உண்டு. ஆடி முதல் நாளில் அதற்கு மாலையிட்டு, கூழ் காய்ச்சி, பிள்ளைகளைக் கூட்டி அவர் பாடலைப் பாடவைக்கும் வழக்கம் போருக்குப் பின்னும் தொடர்கிறது.